பன்னிரண்டிலிருந்து மூன்று வரை

பன்னிரண்டு அடித்ததும் அழகர் ரப்பர் சுத்தியலைத் துடைத்து, கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டிக்கு அடியில் வைக்கிறார். தண்ணீர்ப் பீப்பாயில் முழங்கை வரை கழுவிக்கொள்கிறார். ஆணியில் தொங்கும் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, துண்டை நனைத்துப் பிழிந்து தலையில் கட்டுகிறார். கூட வேலை செய்கிற ஆட்களெல்லாம் அதற்குள் கிட்டங்கிக்குள் தார்ப்பாயை விரித்துக் கால் நீட்டியாயிற்று. இவர் மட்டும் வாசலைப் பார்த்து நடக்கிறார்.

"எங்கோட்டா அண்ணா, ஈ பொரிவெயிலத்து?" என்று மேற்பார்வை பார்க்கும் சுதீர் கேட்கிறார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் இந்த வெயிலில் என்று அர்த்தம்.

"இந்தா, இங்கிட்டுத்தான்" என்கிறார் அழகர்.

மார்ச் மாதத்திலிருந்து இதே கேள்வி, இதே பதில். சுதீருக்கும் அலுக்கவில்லை, அழகருக்கும் அலுக்கவில்லை.

அழகருக்கு வயது நாற்பத்து நான்கு. உசிலம்பட்டிப் பக்கம். தொழில், முற்றத்துக்குக் கல் பதிப்பது. சிமெண்டுக் கற்களை ஒன்றுக்குள் ஒன்று பூட்டினாற்போல் கோத்துப் பதிக்கிற இன்டர்லாக் வேலை. கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிட்டங்கியை ஹோட்டலாக மாற்றுகிறார்கள். அதன் முற்றம் இவர் பொறுப்பு. கோடை வந்துவிட்டால் வெட்டவெளியில் வேலை செய்கிறவர்கள் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் நிற்கக் கூடாது, அது இங்கே அரசாங்க உத்தரவு. காலை ஏழுக்கே வேலை தொடங்கிவிடுகிறது, நடுவில் மூன்று மணி நேரம் ஓய்வு. வெயிலில் நிற்காதே என்று கொடுத்த மூன்று மணி நேரத்தையும் வெயிலிலேயே சுற்றித் தீர்க்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

அப்படிச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. வெயிலில் அவர் கால் வைப்பதே இல்லை. பஜார் ரோட்டில் ஓட்டுச் சாய்ப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். நடுப்பகல் நிழல் அதற்கடியில் ஒரு முழம் விழுந்தால் பெரிய காரியம். அந்த ஒரு முழத்துக்குள் சுவரோடு தோள் உரசிக்கொண்டு, எதிரே ஆள் வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டு, ஒண்டி ஒண்டி நடப்பார். சட்டையின் வலது தோளில் எப்போதும் சுண்ணாம்பு அப்பியிருக்கும். யாராவது வழி கேட்டால் தெருப் பெயர் சொல்லத் தெரியாது. "நிழலப் பிடிச்சே போங்க. ஓடு உடைஞ்சு நிழல் அந்துபோற எடத்துல திரும்புங்க, படகுத்துறை வந்துரும்" என்பார். கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த ஆளைத் தேடுவார்.

முதல் வாரம் அவர் வாங்கிய அடி ஒன்று உண்டு. சாப்பாட்டுக் கடையில் வெந்நீரை இளஞ்சிவப்பாகக் கொண்டுவந்து வைத்தார்கள். டீ கிளாஸைக் கழுவாமல் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று இவர் சண்டைக்குப் போய்விட்டார். கடைக்காரர் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போய், அண்டாவில் கொதித்து அந்த நிறத்தைத் தருகிற பதிமுகப் பட்டையைக் காட்டினார். அழகர் அசடு வழிய வெளியே வந்தார். இப்போது அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்தச் சமாச்சாரத்துக்குப் பிறகுதான் அவருக்கு ருசி பிடித்தது. தெரியாததை எல்லாம் ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினார். குலுக்கி சர்பத் விற்கும் தள்ளுவண்டிக்காரரை ஊரே இக்கா என்கிறது, அண்ணன் என்று அர்த்தம், இவரும் இக்கா என்கிறார். எலுமிச்சை, நன்னாரி, ஊறவைத்த சப்ஜா விதை, கீறின பச்சை மிளகாய் எல்லாவற்றையும் போட்டு, கிளாஸோடு கிளாஸை வாய் சேர்த்துக் காதருகே வைத்து அவர் குலுக்குகிற குலுக்கலை அழகர் கைகட்டி நின்று பார்ப்பார். சர்பத்தில் மிளகாய் போடுகிறவன் புத்திசாலியா பைத்தியமா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும் வரை குடித்துப் பார்ப்பதென்று வைத்திருக்கிறார்.

இன்னொன்று, அவருடைய 'ஏசி'. மேற்கு வரிசையில் ஒரு கிட்டங்கி, மத்தியானம் பூட்டிக் கிடக்கும். அதன் கல் படியில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தால், அடியிலுள்ள இடுக்கு வழியாகச் சுக்கும் மிளகும் மணக்கும் குளிர்ந்த காற்று இடுப்பில் வந்து படும். இதை அவர் கூட வேலை செய்கிற யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இடம் போய்விடும்.

தரை விஷயத்தில் மட்டும் அவருக்குக் கூச்சமே கிடையாது. எந்த வாசல் திறந்திருந்தாலும் குனிந்து உள்ளே தரையைப் பார்ப்பார். ஆள் முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். ஜூ டவுனில் யூதர் கோயிலுக்குள் ஒருநாள் பன்னிரண்டரைக்குப் போனார். மற்றவர்களெல்லாம் அண்ணாந்து சரவிளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தலையைத் தொங்கப் போட்டபடி நீலப்பூப் போட்ட தரைக் கற்களையே பார்த்து நின்றார். கையால் வரைந்த கற்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று சொன்னார்கள். கல் பதிக்கிறவரிடம் போய் இதைச் சொல்லலாமா? எங்காவது ஒரு ஜோடி ஒத்துப்போகாதா என்று, கதவு சாத்துகிற நேரம் வரைக்கும் தேடிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

ஒன்றரை மணிக்குப் படகுத்துறையில் காற்று எழும்பும். அங்கிருந்து ஊரில் இருக்கிற மனைவி மகாவுக்குப் போன் போடுவார். மகா தையல்காரி. மகன் மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் மோட்டார் போட்ட மேஜை மிஷினும்தான். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பட்டுச் சேலைக்கு மேல் டேப் தொங்கும். கைப்பையில் துணியில் கோடு போடுகிற சாக்கட்டி கிடக்கும்.

"இன்னைக்கு என்னத்தக் கண்டுபிடிச்சீக?" என்பாள்.

"ஒரு கல்லு மாதிரி இன்னொரு கல்லு இல்ல புள்ள, அம்புட்டும் வேற வேற."

"போங்க, ஒண்ணாச்சும் ஒத்துப்போகும். நான் வந்து தேடித் தாறேன்."

வந்து என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு அழகர் அன்று சாயங்காலம் நான்கு வரிசைக் கல்லைக் கூடுதலாகப் பதித்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. வேலை வேலை என்று அவர் ஊர் ஊராகப் போக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிற புருஷன். இப்போது முதல் தடவையாக ஒரு வாய்ப்பு. மழை தொடங்கினால் முற்றத்து வேலை நின்றுபோகும். ஆனால் கட்டடத்துக்குள் தரை வேலை ஒன்றரை வருடத்துக்கு இருக்கிறது, இருக்கிறீர்களா என்று காண்டிராக்டர் கேட்டார். குடும்பத்தோடு இருப்பதென்றால் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறை தருகிறேன் என்றும் சொன்னார். இல்லையென்றால் மற்ற ஆட்களோடு காசர்கோட்டுக்கு லாரி ஏற வேண்டியதுதான். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

மகா பிடிகொடுக்கவில்லை. "கதையெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. மிஷினப் போட எடம் இருக்கா? அங்கன எங்கிட்டத் தைக்கக் குடுக்க யாரு இருக்கா? ஒருநா வந்து பாக்குறேன். பிடிச்சாச் சொல்றேன், பிடிக்கலன்னா வந்த பஸ்ஸுல திரும்பிருவேன்" என்றாள். திங்கட்கிழமை முகூர்த்தம், எட்டு ஜாக்கெட் கொடுக்க வேண்டும், அதனால் சனிக்கிழமை காலையில் வந்து சாயங்காலமே கிளம்ப வேண்டும். ஆக, இந்த ஊர் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரே ஒரு பகல். ஊரைக் காட்ட அழகர்.

அவர் அதற்குத் தயாரான விதத்தைப் பார்க்க வேண்டும். லீவு போட்டார். முடி வெட்டிக்கொண்டார். மாடி அறையின் சிவப்புத் தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்தார். முதலில் நீலக் கல், அப்புறம் ஏசி, அப்புறம் சர்பத், கடைசியில் படகுத்துறைக் காற்று என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டார். இரண்டு மாதமாகத் தினம் நடந்த தெருக்கள், கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் போய்விடலாம் என்று நம்பினார் பாவம்.

மகா ஏழு மணிக்கு எர்ணாகுளத்தில் இறங்கினாள். கழுத்தில் டேப். இருவரும் பஸ் பிடித்துத் தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரி வந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து அவள் முகம் சுளித்தபோது அழகர் பதிமுகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

யூதர் கோயில் சாத்தியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். தன் ஓய்வு நேரத்தில் மட்டும் ஊர் சுற்றிய மனிதர், அடுத்தவர்களுக்கும் ஓய்வு உண்டு என்பதை யோசிக்கவில்லை.

"எந்தெந்தக் கிழமை தொறந்திருக்கும்?" என்று மகா கேட்டாள்.

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்தது ஏசி. மணி பத்து. வெயில் ஏறிவிட்டது. பஜார் ரோட்டில் நுழைந்ததும் கால் தன்னால் நிழலுக்குப் போயிற்று. அங்கேதான் பிடித்தது சனி. காலையில் வெயில் கிழக்கே இருந்து வருகிறது, நிழல் எதிர்ச்சாரியில் கிடக்கிறது. இரண்டு மாதமாக அந்தச் சாரியில் அவர் கால் வைத்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் அவருடைய தெரு இடம் வலமாகப் புரண்டு கிடந்தது. மத்தியானம் வெறிச்சோடிக் கிடக்கும் தெருவில் இப்போது லாரிகள் வாலும் தலையுமாக நின்றன. சுமட்டுக்காரர்கள் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அருமைப் படியில் வெயில் சுள்ளென்று அடித்தது. கதவு விரியத் திறந்து, படி முழுக்கச் சுக்கு மூட்டை.

"இதேன் ஏசியா?" என்றாள் மகா.

சர்பத்துக்குத் திரும்ப வேண்டிய சந்து தெரியவில்லை. ஓடு உடைந்து நிழல் அற்றுப்போகிற இடம்தானே அவருக்கு அடையாளம்? நிழலே அங்கில்லையே! தேடிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் படுத்திருந்த ஆடு, மூன்றாவது தடவை இவர்களைப் பார்த்ததும் அசை போடுவதை நிறுத்திவிட்டது.

"தெனமும் நடந்த தெருன்னீக."

"இந்தச் சாரியில நடந்ததில்ல புள்ள."

மகாவுக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கண் சிவந்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அழகர் நினைத்தார். காசர்கோடு லாரி கண் முன்னால் வந்து நின்றது. ஒரு மனிதன் இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த சந்தோஷம் இப்படி ஒரு மணி நேரத்தில் கையை விட்டுப் போனால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அவர் திரும்பிப் பார்த்தபோது மகா பின்னால் இல்லை. நாலு கடை தள்ளி நின்றுகொண்டிருந்தாள். சின்னக் கடைதான். கூரை வரை நூல்கண்டுகள், பட்டன் டப்பாக்கள், லேஸ் சுருள்கள். உள்ளே கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்ட ஒரு பெண்மணி, பெயர் கமலாக்ஷி, மகாவின் கழுத்து டேப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"தமிழாக்கும், இல்லையா? உள்ள வந்து உக்காருங்கோ. நாங்க பாலக்காட்டுக்காரா. கொச்சிக்கு வந்து ரொம்பக் காலமாச்சு."

உட்கார வைத்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் மகாவின் ஜாக்கெட் கையைப் பிடித்து உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தார். "இது ஆரு தைச்சது?"

"நாந்தேன்."

"ஒரு பிசிறு இல்லையே. இங்க இருக்கேளா?"

"இவுக இருக்காக. நான் பாக்க வந்தேன்."

"கேட்டேளா, ஜூன் ஒண்ணாம் தேதி ஸ்கூல் தொறக்கும். யூனிஃபாரம் தைக்க ஆளைச் சொல்லுங்கோன்னு தினம் பத்துப் பேர் இங்க வந்து நிக்கறா. இருக்கற தையல்காராள்லாம் கையை விரிச்சாச்சு. நான் ஆரைச் சொல்றது பின்னே?"

அழகர் வாயைத் திறந்தபடி கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகத் தினம் இதற்கு எதிரே போய்வந்திருக்கிறார். "இந்தக் கடை எப்பத் தொறந்தது?" என்றார்.

"பதினெட்டு வருஷமாச்சு" என்றார் கமலாக்ஷி. "மத்தியானம் வெயில் நேரே மூஞ்சியில அடிக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிடுவேன். மத்தியானம் நடக்கறவா கண்ணுல படாது."

மகா ஓர் அட்டை ஊக்கு மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்தாள். நூல்கண்டு வரிசையை மட்டும் வாசலில் நின்று மறுபடி ஒருதரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

பன்னிரண்டு அடித்தது. வெயில் உச்சியைத் தாண்டியதும் மேற்குச் சாரியில் நிழல் ஒரு முழம் இறங்கிற்று. அழகர் தெருவைக் கடந்து சுவரோடு ஒண்டிக்கொண்டார், அவ்வளவுதான், போன உயிர் திரும்பி வந்தது. ஓடு உடைந்த இடம் தெரிந்தது, சந்து தெரிந்தது, சந்து முனையில் தள்ளுவண்டியும் தெரிந்தது.

"சேச்சி வந்நல்லோ" என்று, அக்கா வந்துவிட்டாரே என்ற மகிழ்ச்சியோடு இக்கா வரவேற்று, ஒரு மிளகாயைக் கூடுதலாகக் கீறிப் போட்டுக் குலுக்கினார். மகா ஒரே மூச்சில் குடித்தாள். இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு" என்றாள். அழகருக்கு வாயெல்லாம் பல்.

கிட்டங்கிப் படி காலியாகிக் கதவு பூட்டியிருந்தது. மகா உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். கதவிடுக்கிலிருந்து சுக்குக் காற்று வந்தது. "ஆமா, வருது" என்றாள். அடுத்த நிமிடம் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, நல்ல தூக்கம். அழகர் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணிக்குப் படகுத்துறைக் காற்று கிளம்பியிருக்கும். அவர் எழுப்பவில்லை. படகுத்துறையைப் பார்க்காவிட்டால் குடிமுழுகிவிடாது என்று விட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு மாடி அறைக்குப் போனார்கள். அழகர் செருப்பை வாசலிலேயே கழற்றி, மகாவையும் கழற்ற வைத்தார். "தரையப் பாரு" என்றார். மகா தரையைப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கதவு நிலையின் குறுக்கே பிடித்தாள். அளவை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அறைக்கு இரண்டு ஜன்னல். தெருப்பக்க ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று சாத்திக் கிடந்தது.

"காலைல வெளிச்சம் எதுல வரும்?"

காலையில் அழகர் என்னவாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இப்போது அந்தத் தைரியம் இல்லை. "தெரியாது புள்ள. நான் இங்க வந்ததெல்லாம் மத்தியானந்தேன்" என்றார்.

மகா சாத்தியிருந்த ஜன்னலைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்தாள். எதிரே சுவர் எதுவும் இல்லை, கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வானம். கைப்பையைத் துழாவினாள். சாக்கட்டியை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தாள். டேப்பை நீட்டி, மிஷினின் நான்கு காலும் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து, எண்ணெய் போட்டுத் துடைத்த அந்தச் சிவப்புத் தரையில் நான்கு இடத்தில் வெள்ளையாகக் குறி போட்டாள். அழகர் அந்தக் குறிகளை மிதித்துவிடாமல் வயிற்றை எக்கிக்கொண்டு, கால்விரல்களை மடக்கி, சுவரோடு ஒண்டி நின்றார்.